சுனையிலிருந்து பாலாறுவரை: மலைத் தண்ணீரில் வாழும் உயிர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரைப் பற்றி ஊருக்குள்ளேயே ஒரு பழைய கிண்டல் உண்டு. மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு, அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில். இதில் கோயிலுக்கு 1981இல் சாமி திரும்பி வந்துவிட்டார். அவர் பெயரே ஜலகண்டேஸ்வரர், தண்ணீருக்குள் இருக்கிறவர். மலை பற்றிய கிண்டல் பஸ் ஸ்டாண்டில் நின்று அண்ணாந்து பார்த்தவர்கள் சொன்னது. தெற்கே அமிர்தி வழியாக ஜவ்வாது மலைக்கோ மேற்கே ஏலகிரிக்கோ ஏறிப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

விடுமுறை நாட்களில் பிள்ளைகளையும் அவர்களைக் கொண்டுவந்து விடும் பெற்றோரையும் கூட்டிக்கொண்டு இந்த மலைகளின் ஓடை, குட்டை, சுனை என்று சுற்றுவது என் வழக்கம். ஒவ்வொரு முறையும் அதே கேள்விகள் வருகின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதிவைத்தால் எனக்கும் தொண்டைத் தண்ணீர் மிச்சம்.

மலை ஏற ஏறத் தண்ணீரில் உயிர்வகைகள் கூடுமா, குறையுமா? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

மீன் வகைகள் குறையும். நத்தைகளும் பெரும்பாலும் குறையும். தவளை, தட்டான், நீர்ப்பூச்சிகள் இடத்துக்கு இடம் மாறும். சில மலைகளில் நடு உயரத்தில்தான் அதிகம். பாக்டீரியா போன்ற நுண்ணுயிர்கள் மீன்களைப் போல ஒரே கோட்டில் குறைவதில்லை, ஒவ்வொரு மலையிலும் ஒவ்வொரு கதை.

இதற்கு மேல் சுருக்கினால் பொய்யாகிவிடும். உயரம் என்பது மீட்டரில் எழுதும் ஓர் எண். அது எந்தத் தவளையையும் கொல்வதில்லை, வாழவைப்பதும் இல்லை. உயரத்தோடு கூட மாறுகிற வேறு சில விஷயங்கள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. நம் பக்கத்து மலைகளைப் பொறுத்தவரை அவற்றில் முக்கியமானது தண்ணீர் எத்தனை மாதம் நிற்கிறது என்பதுதான். கீழே வரும் பதில்களில் பாதி இதையே வேறு வேறு வார்த்தையில் சொல்லும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஈரநிலம் என்றால் ஏரிதானே?

ஏரியும் ஒன்று. 1971 பிப்ரவரி 2 அன்று ஈரானின் ராம்சார் நகரில் கையெழுத்தான உடன்படிக்கை, சதுப்பு, குளம், குட்டை, ஓடை, உவர்கழி, ஆறு மீட்டர் ஆழத்துக்கு மிகாத கடலோரம் என்று எல்லாவற்றையும் ஈரநிலத்தில் சேர்க்கிறது. தண்ணீர் நிரந்தரமாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. மழைக்கு இரண்டு மாதம் மட்டும் நிறையும் பாறைக்குழியும் கணக்கில் வரும்.

நமக்கு இதைச் சொல்ல ராம்சார்வரை போக வேண்டியதே இல்லை. நம் இலக்கண மரபில் ஒவ்வொரு திணைக்கும் அதனதன் நீரைக் கருப்பொருளாகச் சொல்லியிருக்கிறார்கள்: குறிஞ்சிக்கு அருவியும் சுனையும், முல்லைக்குக் கான்யாறு, மருதத்துக்கு ஆறும் பொய்கையும் மனைக்கிணறும், நெய்தலுக்கு உவர்க்கழி. மேலிருந்து கீழே இறங்கும் தண்ணீரின் வரைபடம்தான் இது. பூக்களிலும் அதே கவனம் உண்டு. குறிஞ்சிக்குச் சுனைக்குவளை, மருதத்துக்குத் தாமரையும் கழுநீரும். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் மலையிலிருந்து இறங்கும் காட்டோடையை இன்றும் கானாறு என்றுதான் சொல்கிறார்கள். சங்ககாலச் சொல் மளிகைக் கடை வாசலில் சர்வசாதாரணமாகப் புழங்குகிறது.

நம் மலைகள் இதற்கெல்லாம் போதுமான உயரமா?

வேலூர் நகரம் கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் 725 மீட்டரில். ஏலகிரியின் மேட்டு ஊர்கள் ஏறக்குறைய ஆயிரம் மீட்டரில்; ஜவ்வாது மலையின் உச்சிகள் 1,100 மீட்டரைத் தாண்டும். இமயமலைக்காரர் பார்த்தால் திண்ணை என்பார். ஆனாலும் அடியிலிருந்து உச்சிக்கு 900 மீட்டர் வித்தியாசம் இருக்கிறது. ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக ஆறரை டிகிரி என்ற கணக்கில், மேலே ஏறக்குறைய ஆறு டிகிரி குளிர்ச்சி. கத்திரி வெயிலில் வேலூரில் வெந்துகொண்டிருப்பவர்களுக்கு அந்த ஆறு டிகிரியின் அருமை தெரியும்.

உயரத்தைவிட வடிவம் முக்கியம். ஏலகிரியும் ஜவ்வாதும் கூம்பு மலைகள் இல்லை. ஓரம் செங்குத்து, மேலே மேசை போலப் பரந்த நிலம். மாடி வீடு மாதிரி: கீழே ஒரு தளம், மேலே ஒரு தளம், நடுவில் படிக்கட்டு. படிக்கட்டில் யாரும் தண்ணீர்க் குடத்தை இறக்கிவைக்க மாட்டார்கள் இல்லையா, அப்படித்தான் சரிவிலும் தண்ணீர் நிற்பதில்லை. ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். புலவர்கள் பெயரும் கடையெழு வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள். முதல் வளைவிலிருந்து கடைசி வளைவுவரை பார்த்துக்கொண்டே போங்கள். பாறைக் கசிவும் மழைக்கால ஓடையும் இருக்கும், ஒரு குளம் இருக்காது. வள்ளல்கள் பெயர் இருந்து என்ன, தேங்கிய தண்ணீர் இல்லை.

இன்னொன்று. வட ஆற்காடு என்று நான் சொல்வதைக் கேட்டு இளைஞர்கள் சிரிக்கிறார்கள். 1989இல் வட ஆற்காடு இரண்டானது, 2019இல் வேலூர் மூன்றானது. ஜவ்வாது மலை இப்போது வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை என மூன்று மாவட்டங்களில் கிடக்கிறது. முழு மலையையும் ஒரே பெயருக்குள் அடக்க எனக்குப் பழைய பெயர்தான் வசதி.

மேலே போனால் காற்று மெலிகிறதே, தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்துவிடாதா?

நல்ல கேள்வி, பதில் வேடிக்கையானது. தண்ணீரில் ஆக்சிஜன் எவ்வளவு கரையும் என்பதை இரண்டு விஷயங்கள் இரண்டு பக்கம் இழுக்கின்றன. காற்றழுத்தம் குறைந்தால் குறைவாகக் கரையும். தண்ணீர் குளிர்ந்தால் கூடுதலாகக் கரையும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடல் மட்டத்தில் 30 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 7.6 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். வேலூர் உயரத்துக்கு அதில் இரண்டரை சதவீதம் கழித்தால் 7.4. மலை மேல் அதே நாளில் தண்ணீர் 24 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். கடல் மட்டமாக இருந்தால் 8.4 கரையும், 1,100 மீட்டரில் அழுத்தம் ஏறத்தாழ 12 சதவீதம் குறைவு, கழித்தால் அதே 7.4. ஒரு கை கொடுத்ததை மறு கை வாங்கிக்கொண்டது. ஆகவே நம் மலைகளில் ஆக்சிஜனைக் காரணம் சொல்ல முடியாது. பாசி மண்டிய ஊர்க்குட்டையில் விடியற்காலையில் மீன் வாயைப் பிளந்துகொண்டு மேலே வருவது வேறு விவகாரம். பகலில் பாசி கொடுத்த ஆக்சிஜனை இரவில் எல்லாமாகச் சேர்ந்து மூச்சுவிட்டுத் தீர்த்துவிடுகின்றன.

நிஜமாகவே உயரமான இடத்தில் கதை மாறும். தென் அமெரிக்காவின் டிட்டிகாகா ஏரி 3,800 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கே ஒரு பெரிய தவளை, உடம்புக்கு இரண்டு அளவு பெரிய சட்டை போட்டதுபோலத் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்க, ஏரியின் அடியிலேயே வாழ்கிறது. அந்தத் தொங்கு தோல்தான் அதன் மூச்சு. தண்ணீரிலிருந்து ஆக்சிஜனை அதன் வழியாகவே உறிஞ்சிக்கொள்கிறது.

நடு உயரத்தில்தான் உயிர்வகை அதிகம் என்று படித்தேன். சரியா?

பல மலைகளில் சரி. 1802இல் அலெக்சாண்டர் ஹம்போல்ட் ஈக்வடாரின் சிம்பொராசோ மலையில் ஏறி, எந்த உயரத்தில் என்ன செடி என்று ஒரே படத்தில் எழுதிவைத்த நாளிலிருந்து, ஏற ஏறக் குறையும் என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். டென்மார்க்கின் கார்ஸ்டன் ராபெக் 1995இலும் 2005இலும் உலகெங்கும் நடந்த கணக்கெடுப்புகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார். நடுவில் புடைத்து இரண்டு பக்கமும் குறையும் வடிவம்தான் அதிகமாகத் தென்பட்டது.

காரணங்களில் ஒன்று வெறும் வடிவக் கணக்கு. மொட்டைமாடியில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே கொடி கட்டி, கைக்குட்டை முதல் ஒன்பது கஜப் புடவைவரை கண்டபடி காயப்போடுங்கள். கைக்குட்டை எங்கு வேண்டுமானாலும் கிடக்கும். புடவை எங்கே தொடங்கினாலும் கொடியின் நடுவைத் தாண்டாமல் முடியாது. அதனால் நடுவில் துணிகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேரும். மலையில் ஒவ்வொரு உயிர்வகையும் வாழும் உயர எல்லை ஒரு துணி; அடிவாரமும் உச்சியும் கம்பங்கள்.

இந்தக் கணக்கை நம் குளங்குட்டைகள் மேல் அப்படியே போட்டால் இடறும். நடுச்சரிவில் தேங்கிய தண்ணீரே இல்லை என்று மேலே பார்த்தோம். எனவே குளத்து உயிர்களுக்கு இங்கே நடுவில் திமில் கிடையாது, பள்ளம்தான். ஓடும் தண்ணீரை நம்பியிருக்கும் பூச்சிகளுக்கு வேண்டுமானால் அருவிக்கரைகள் நல்ல இடம். எந்த மலையையும் பற்றிப் பொதுவாகப் பேசுகிறவரிடம், அந்த மலையில் எந்த உயரத்தில் எவ்வளவு நிலம் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

இன்னொரு மோசடியும் உண்டு. பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு தண்ணீரைக் கெடுத்த கதையை இந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதைப் பற்றிய வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 1996இல், மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று சொன்னது. இப்படிக் கீழ்த்தளத்தில் தண்ணீர் கெட்டால் அங்கே இருந்தவை போய்விடும். அதற்குப் பிறகு ஒருவர் வந்து எண்ணினால், நடுவிலோ மேலேயோ உயிர்வகை அதிகம் என்று படம் வரும். இயற்கை வரைந்த படம் இல்லை அது. கீழ்ப்பாதியை நாம் அழித்த பிறகு மிஞ்சிய படம்.

மீன் ஏன் மேலே குறைகிறது?

மீனுக்குக் கால் இல்லை, அவ்வளவுதான். தட்டான் பறந்து ஏறும், தவளை மழை இரவில் தத்தித் தத்தி ஏறும், நீர்ச்செடியின் விதை பறவையின் காலில் ஒட்டிக்கொண்டு ஏறும். மீன் தண்ணீர் வழியாகத்தான் ஏற வேண்டும். வழியில் ஜலகம்பாறை மாதிரி ஓர் அருவி இருந்தால் பெரும்பாலான மீன்களுக்குப் பயணம் அங்கேயே முடிந்தது. விதிவிலக்குகள் உண்டு: கர்ரா இன மீன்களின் வாய்க்குக் கீழே ஓர் ஒட்டுத்தட்டு இருக்கிறது, பாய்கிற தண்ணீரிலும் பாறையைக் கவ்விக்கொண்டு நிற்கும். அதோடு, கோடையில் கானாறு வற்றி மடுமடுவாக நின்றுவிடும்போது எந்த மடு வற்றவில்லையோ அதில் இருந்த மீன்தான் அடுத்த வருஷத்து விதை.

மேலே ஏரியில் கெண்டையும் ஜிலேபியும் பார்த்தேனே என்பீர்கள். மனிதன் கொண்டுபோய் விட்டது. ஜிலேபி ஆப்பிரிக்கச் சரக்கு. கொசுவை ஒழிக்க என்று 1928இல் இந்தியாவுக்கு வந்த கம்பூசியா என்ற சின்ன மீன் அமெரிக்கச் சரக்கு. கொசுப் புழுவோடு தவளைக் குஞ்சையும் சேர்த்துக் கடிக்கும்.

மீனே இல்லாத மலைக்குட்டையில் மீனை விடுவது புண்ணியம் என்று சிலர் நினைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலை ஏரிகளில் மீன்பிடி விளையாட்டுக்காக ட்ரௌட் விட்டார்கள், தவளைகள் அழிந்தன. பிறகு சில ஏரிகளில் வலை போட்டு ட்ரௌட்டை முழுதாக எடுத்தார்கள். பக்கத்தில் தவளை மிஞ்சியிருந்த இடங்களிலிருந்து அவை திரும்பி வந்து பெருகின. மலைக்குட்டையில் மீன் இல்லை என்பது குறை இல்லை. அந்தக் குட்டையின் மற்ற எல்லா உயிர்களுக்கும் அதுதான் காப்பு.

சுனையில் அப்படி என்ன இருக்கிறது? எங்கள் கண்ணுக்குப் பாசித் தண்ணீர்தான் தெரிகிறது.

குந்தி உட்கார வேண்டும். நின்றபடி பார்த்தால் பாசித் தண்ணீர்தான்.

கணியம்பாடிக்குத் தெற்கே ஒரு பாறைக் குன்றில் சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரிய குழி ஒன்று இருக்கிறது. ஐப்பசி மழைக்குப் பிறகு போனால் முழங்கை ஆழத்துக்குத் தண்ணீர். முதலில் உங்கள் நிழல் விழுந்ததும் எல்லாம் ஒளிந்துகொள்ளும். அசையாமல் இருங்கள். தண்ணீர் மேல் நான்கு கால்களை விரித்து வழுக்கிக்கொண்டு ஒரு பூச்சி வரும். கால் பட்ட இடத்தில் மேற்பரப்பு சின்னதாகக் குழியும், அந்தக் குழியின் நிழல் அடிப்பாறையில் வட்டமாக விழும். பூச்சியைவிட நிழல்தான் பெரிதாகத் தெரியும். அடுத்து மல்லாந்து நீந்தும் பூச்சி, துடுப்பு போல இரண்டு கால்களை வீசும். தலைப்பிரட்டைகள் பாறையில் படிந்த பாசியைச் சுரண்டும். ஓரத்தில் காய்ந்த இலை மாதிரி ஒன்று கிடக்கும், கண்டுகொள்ள மாட்டீர்கள். ஒரு தலைப்பிரட்டை அருகே வந்ததும் அந்த இலையின் முகத்திலிருந்து ஒரு கை நீண்டு இழுத்துக்கொள்ளும். தட்டானின் இளம்புழு அது. கை போல நீண்டது அதன் கீழுதடு, மடக்கிவைத்திருந்து எறியும். இதைப் பார்த்த ஒரு பையன் அன்று முழுக்கத் தன் தங்கையிடம் உதட்டை நீட்டி நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தான்.

மாசிக்குள் அந்தக் குழி காய்ந்துவிடும், அடியில் விரல் கனத்துக்குச் சேறு. செத்த இடம் என்று நினைக்காதீர்கள். இப்படிக் காய்ந்து நனையும் குட்டைகளில் ஸ்ட்ரெப்டோசெபாலஸ் என்ற சின்ன இறால் வகை உண்டு. வயிற்றை மேலே காட்டி மல்லாந்தே நீந்தும். அதன் முட்டைகள் சேற்றோடு காய்ந்து, வெயிலில் வதங்கி, வருஷக்கணக்கில் கிடந்தும் சாகாது. தண்ணீர் பட்டதும் ஓரிரு நாளில் பொரிக்கும். உள்ளூர்க் குட்டையின் காய்ந்த சேற்றில் ஒரு பிடியை எடுத்து, பழைய ஊறுகாய் பாட்டிலில் போட்டு, மழைத்தண்ணீர் ஊற்றி, வெளிச்சம் படும் இடத்தில் வையுங்கள். எது வருகிறது என்று வீட்டில் எல்லாரும் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள். முடிந்ததும் எடுத்த குட்டையிலேயே ஊற்றிவிடுங்கள், வேறு இடத்தில் வேண்டாம்.

சுனை வற்றுவது சுனைக்குக் கேடு இல்லை என்பதுதான் விஷயம். வருஷம் முழுக்கத் தண்ணீர் நின்றால் மீனும் பெரிய வேட்டைக்காரர்களும் வந்து அமர்ந்துவிடும். வற்றுவதால் வேகமாக வளர்ந்து முடிப்பவற்றுக்கு இடம் கிடைக்கிறது. சுனையைத் தோண்டி ஆழப்படுத்தி சிமெண்ட் பூசுகிற நல்ல மனசுக்காரர்கள் இதை மட்டும் கொஞ்சம் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

மேலே நத்தைகள் குறைவாகத் தெரிகின்றனவே?

வேலூர் போர்வெல் தண்ணீரில் துணி துவைத்தவர்களுக்குப் பதில் கையில் இருக்கிறது. சோப்பு நுரைக்காது, வாளியில் வெள்ளைப் படிவு ஒட்டும். அந்தப் படிவில் சுண்ணாம்புச் சத்து உண்டு. நத்தையின் ஓடும் சுண்ணாம்புதான். மலை மேலே இப்போதுதான் மழையாக இறங்கி, கெட்டிப் பாறைமேல் வழிந்து தேங்கும் தண்ணீரில் உப்புகள் ஏறக் காலம் இல்லை. சோப்பு நன்றாக நுரைக்கும், நத்தைக்கு வீடு கட்ட சிமெண்ட் போதாது.

பறவைகள்?

நீர்ப்பறவைகளில் பெரும்பாலானவற்றுக்கு வேண்டியது அகன்ற, ஆழமில்லாத தண்ணீர். அது கீழ்த்தளத்தில்தான். பல்லவர் காலத்துக் காவேரிப்பாக்கம் ஏரி போன்ற பரப்பு மலை மேல் எங்கே இருக்கிறது? நாமக்கோழி, நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், வலசை வரும் வாத்துகள் எல்லாம் ஏரிக்கூட்டம். மலைக்குட்டையில் முக்குளிப்பானும் மடையானும் மீன்கொத்தியும் கிடைத்தால் மகிழ்ச்சி.

ஆனால் உயரத்தைக் காரணமாகச் சொல்லாதீர்கள். பட்டைத்தலை வாத்து லடாக், திபெத் பக்கத்து ஏரிகளில் 4,000 மீட்டருக்கு மேலே முட்டையிட்டு, குளிருக்கு இமயத்தைத் தாண்டித் திருநெல்வேலியின் கூந்தன்குளம்வரை வருகிறது. அதற்கு இரண்டு தளமும் வீடுதான். பூச்சியில் அதற்கு நிகர், மழைக்குப் பிறகு மைதானத்தில் கூட்டமாகப் பறக்கும் மஞ்சள் தட்டான். இந்தியாவிலிருந்து கடல் தாண்டி ஆப்பிரிக்கா போகிறது, இமயமலையில் 6,200 மீட்டரிலும் பார்த்திருக்கிறார்கள், முட்டையிடுவதோ நம் தெருமுனை மழைக்குட்டையில்.

மேலே வகைகள் குறைவு என்றால், கீழே இருக்கும் ஏரிகளைக் காப்பாற்றினால் போதாதா?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதத் தொடங்கினேன். எண்ணிக்கை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும்.

ஓர் உதாரணத்துக்கு, கீழ்க் குளத்தில் 20 வகை, மேல் குட்டையில் 12 வகை என்று வையுங்கள். இரண்டிலும் பொதுவாக இருப்பவை எத்தனை? 12உம் பொது என்றால் மேல் குட்டை கீழ்க் குளத்தின் சின்னப் பிரதி. பொது 4 மட்டும் என்றால் நிலைமையே வேறு. பொதுவை இரண்டால் பெருக்கி, இரண்டு எண்ணிக்கைகளின் கூட்டுத்தொகையால் வகுங்கள்: 8ஐ 32ஆல் வகுத்தால் 0.25. ஒன்று என்றால் இரட்டைப் பிள்ளைகள், சுழியம் என்றால் சம்பந்தமே இல்லாதவர்கள். 0.25 என்றால் தூரத்துச் சொந்தம். மேல் குட்டை போனால் மொத்தமாக 8 வகை போச்சு, கீழே எத்தனை ஏரி இருந்தாலும் அவை திரும்ப வராது.

மலைத் தண்ணீர்களில் பெரும்பாலும் இந்த இரண்டாவது நிலைமைதான். ஒவ்வொரு மலையும் ஒரு தீவு; நடுவில் இருக்கும் சூடான சமவெளியைக் கடக்க முடியாத உயிர்கள் தனித்தனியே கிடந்து, காலப்போக்கில் தனி இனங்களாகவே ஆகிவிடுவதும் உண்டு. நீலகிரியின் சதுப்புகளில் மட்காத செடிக்கரி 20,000 ஆண்டுகளுக்கு மேலாகப் படிந்து கிடக்கிறது. எப்போது மழை மிகுந்தது, எப்போது புல்வெளி பரவியது என்பதை அந்தக் கரியிலிருந்து படித்திருக்கிறார்கள். அப்படி ஒரு கணக்குப் புத்தகம் கீழே எந்த ஏரியிலும் மிஞ்சாது, தூர்வாரும்போதே போய்விடும்.

ஏலகிரி படகு ஏரி மனிதன் வெட்டியதுதானே? அதெல்லாம் கணக்கில் வருமா?

உயிர்கள் பத்திரம் பார்த்துக் குடியேறுவதில்லை. புங்கனூர் ஏரி வெட்டியதுதான். ஊட்டி ஏரி 1820களிலும் கொடைக்கானல் ஏரி 1863இலும் ஆங்கிலேய அதிகாரிகள் அமைத்தவை. செங்குத்தான கல்கரை கட்டி, சுற்றிலும் நடைபாதை போட்டால் கரையோரச் சேறும் கோரையும் போய்விடும். தவளைக்கும் தட்டானுக்கும் வேண்டியது அந்த ஓரம்தான். கரையில் ஒரு பக்கத்தை மட்டுமாவது சரிவாக, புல்லோடு விட்டால் போதும், படகுக்கு இடைஞ்சல் ஒன்றும் வராது.

சட்டம் கொஞ்சம் கை விரிக்கிறது. 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகள், பாசனத்துக்கும் குடிநீருக்கும் பொழுதுபோக்குக்கும் என்றே அமைத்த நீர்நிலைகளை விலக்கிவைக்கின்றன. நம் வட்டாரத்தில் ஏரி என்று சொல்வதில் பெரும்பகுதி பாசனத்துக்கு வெட்டியது என்பதால், அந்த விலக்கில் எவ்வளவு அடங்கிவிடும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

வெயில் கூடிக்கொண்டே போகிறதே, இவை என்ன ஆகும்?

குளிர்ச்சி தேடி மேலே நகரும். உலகெங்கும் கிடைத்த பதிவுகளைத் தொகுத்து 2011இல் வெளியான ஆய்வில் பத்தாண்டுக்குச் சராசரியாக 11 மீட்டர் உயரம் ஏறுவதாகத் தெரிந்தது. இமயத்தில் ஏற இன்னும் இடம் இருக்கிறது. 1,100 மீட்டரில் முடிந்துவிடும் மலையில் மொட்டைமாடிக்கு மேல் எங்கே போவது?

அதற்கு முன்பே தண்ணீர்க் கணக்கு உதைக்கும். நான்கு மாதம் நின்ற சுனை இரண்டரை மாதத்தில் வற்றினால், மூன்று மாதத்தில் வளர்ந்து முடிக்கும் தவளைக்கு அந்த வருஷம் பிள்ளை இல்லை. ஜவ்வாது மலையிலிருந்து வேலூர்ப் பக்கம் இறங்கும் நாகநதியின் படுகையில் நூறுநாள் வேலைப் பெண்கள் உறைகிணறுகள் இறக்கி மழைநீரை மண்ணுக்குள் அனுப்பும் வேலை செய்தார்கள். கிணறுகளுக்காகச் செய்தது, ஓடைகளுக்கும் நல்லது. மண்ணுக்குள் போன தண்ணீர் மெதுவாகக் கசிந்து வரும், மடு இன்னும் சில வாரம் தாங்கும்.

நாங்களே கணக்கெடுக்கலாமா? என்ன வேண்டும்?

தேநீர் வடிகட்டி, வெள்ளைத் தட்டு, ஒரு தெர்மாமீட்டர், நோட்டு. தெர்மாமீட்டரில் நூல் கட்டி மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளுங்கள். கட்டாமல் போய் ஒரே நாளில் இரண்டைத் தண்ணீருக்குக் கொடுத்தவன் சொல்கிறேன். எல்லா இடத்திலும் அதே நேரம், அதே அளவு உழைப்பு என்பதுதான் முக்கியம். கீழே அரை மணி நேரம் தேடிவிட்டு, மேலே பசியில் பத்து நிமிடம் தேடினால் ‘உயரத்தில் குறைவு’ என்றுதான் வரும். அது உங்கள் பசியின் அளவு. பெயர் தெரியாவிட்டால் படம் எடுங்கள், ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் போட்டால் தெரிந்தவர்கள் சொல்லுவார்கள்.

காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது. பால் ஆமையைத் தூக்கிப் படம் எடுக்கும் ஆசையும் வேண்டாம், புலிக்கு இருக்கும் அதே சட்டப் பாதுகாப்பு அதற்கும் உண்டு. ஒரு குட்டையிலிருந்து அடுத்ததற்குப் போகும்முன் செருப்பைக் கழுவிக் காயவையுங்கள். தவளைகளைக் கொல்லும் தோல்பூஞ்சை ஈரச் சேற்றில் பயணம் செய்யும்.

எப்போது, எங்கே தொடங்கலாம்?

கார்த்திகை பிறந்து மழை சற்று ஓய்ந்த ஒரு ஞாயிறு. காலையில் பாலாற்றுப் படுகையில் தேங்கிய ஒரு குட்டை, பத்து மணிக்குள் மலையடிவாரக் கானாறு, மதியத்துக்கு மேலே போய் ஊர்க்குட்டை, திரும்பும் வழியில் பாறைச்சுனை. நான்கு இடம், இடத்துக்கு இருபது நிமிடம். பிறகு அதே நான்கு இடங்களுக்கு மாசி மகத்துக்கு முன்னால் ஒருமுறை போங்கள். அப்போது எதில் தண்ணீர் இருக்கிறது என்று மட்டும் எழுதிக்கொண்டு வாருங்கள், மற்றதை உட்கார்ந்து பேசலாம்.